கம்பெனி வீட்டில் குடியேற வேண்டாம்

தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், ஊரார்க்கெல்லாம் இணையதளம் கட்டிக்கொடுத்துவிட்டு ராத்திரி வீடு திரும்பும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நம் ஊருக்கென்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரு செய்தித்தளம் தொடங்கப் போவதாகச் சொன்னீர்கள். மாரிக்குப்பத்தில் நடப்பது ராபர்ட்சன்பேட்டைக்கே தெரியாமல் போகிற காலத்தில் நல்ல காரியம், தாமதிக்காமல் செய்யுங்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டீர்கள்: போனில் சட்டென்று திறப்பதற்காக ஏ.எம்.பி. வைக்கலாமா, இல்லை அதன் காலம் முடிந்துவிட்டதா? ஒரு பத்திரிகையின் இணையப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். வேலூரிலும் ஓசூரிலும் சின்னச் சின்னத் தளம் நடத்துகிறவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கிறது. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஏ.எம்.பி. வேண்டாம். ஆனால் எந்தக் குறையைத் தீர்க்க அது வந்ததோ அந்தக் குறை நம் ஊரில் அப்படியே இருக்கிறது. அதை உங்கள் கையாலேயே, உங்கள் முகவரியிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நடந்த கதை இது. 2015 வாக்கில் போனில் செய்தி படிப்பது பெரும்பாடு. தலைப்பைத் தொட்டால் விளம்பரம் முதலில் வரும், செய்தி பிறகு வரும், இரண்டு வரி படிப்பதற்குள் பத்தி கீழே இறங்கி ஓடிவிடும். அந்த ஆண்டு மே மாதம் ஃபேஸ்புக் 'இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செய்தியை எங்களிடம் கொடுங்கள், எங்கள் செயலிக்குள்ளேயே நொடியில் காட்டுகிறோம் என்றது. அக்டோபரில் கூகுள் தன் பங்குக்கு 'ஆக்சிலரேட்டட் மொபைல் பேஜஸ்' என்பதை அறிவித்தது. அதன் சுருக்கம்தான் ஏ.எம்.பி. 2016 பிப்ரவரியில் தேடல் முடிவுகளுக்குள் வந்து உட்கார்ந்தது.

உள்ளே பிரித்துப் பார்த்தால் சாதாரண விஷயங்கள்தான். நீங்களே எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் கூடாது, அவர்கள் தரும் துண்டுகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஸ்டைல் 50,000 பைட்டுக்குள் அடங்க வேண்டும், பிறகு அதை 75,000 ஆக்கினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் நீள அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் பத்தி ஓடாது. ஒழுங்காகத் தொழில் தெரிந்தவர் எவரும் யாரும் சொல்லாமலே செய்கிற காரியங்கள் இவை. தொட்டதும் திறக்கிற அந்த வேகத்துக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. கூகுள் உங்கள் பக்கத்தின் நகலைத் தன் சர்வரில் வைத்துக்கொள்ளும். வாசகர் தேடல் முடிவுகளை மேய்ந்துகொண்டிருக்கும்போதே, இன்னும் எதையும் தொடாதபோதே, அந்த நகலை அவர் போனுக்குள் இறக்கத் தொடங்கிவிடும். அவர் தொடும்போது பாதிப் பக்கம் ஏற்கெனவே வந்து காத்திருக்கும். அந்த நேரத்தில் மேலே முகவரிப் பட்டையைப் பார்த்தால் உங்கள் தளத்தின் பெயர் இருக்காது, கூகுளின் பெயர் இருக்கும்.

யாரும் ஆசைப்பட்டு அங்கே போனதாக எனக்குத் தெரியவில்லை. தேடல் பக்கத்தின் உச்சியில் 'டாப் ஸ்டோரீஸ்' என்று செய்திகள் வரிசையாக நிற்கின்றன அல்லவா, போனில் அந்த வரிசையில் இடம் வேண்டுமானால் ஏ.எம்.பி. இருந்தே தீரவேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த வரிசையிலிருந்து வருகிற வாசகரை இழக்க எந்தப் பத்திரிகைக்குத் துணிச்சல் வரும்? ஒரே செய்திக்கு இரண்டு வடிவம் செய்தோம், இரண்டையும் பராமரித்தோம். 2018 ஜனவரியில் இணையத் தொழில் தெரிந்தவர்கள் பலர் கையெழுத்திட்டு கூகுளுக்கே ஒரு திறந்த மடல் எழுதினார்கள். ஏ.எம்.பி.யாக இருக்கிறது என்பதற்காக மட்டும் முன்வரிசை தராதே, வேகமாகத் திறக்கிற எந்தப் பக்கத்துக்கும் கொடு; அடுத்தவர் எழுதியதை உன் முகவரியில் காட்டாதே என்று இரண்டே கோரிக்கை. முதல் கோரிக்கை நிறைவேற 2021 ஜூன் ஆயிற்று. அதற்குப் பிறகு டாப் ஸ்டோரீஸுக்கு ஏ.எம்.பி. கட்டாயமில்லை, தேடலில் அந்தப் பக்கங்களின் பக்கத்தில் தெரிந்த மின்னல் குறியும் மறைந்தது. கட்டாயம் போனதும் கூட்டமும் கலைய ஆரம்பித்தது. ட்விட்டர் அதே ஆண்டு இறுதியில் கைவிட்டது. 2022இல் பிரேவ் உலாவி, ஏ.எம்.பி. பக்கம் வந்தால் அதைத் தாண்டி மூலப் பக்கத்துக்கே வாசகரைக் கொண்டுபோகத் தொடங்கியது. மெதுவான இணைப்பில் இருப்பவர்களுக்குப் பக்கத்தை மெலிய வைத்துக் காட்டிய கூகுளின் 'வெப் லைட்' 2022 டிசம்பரில் நின்றது. இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸை 2023 ஏப்ரலில் ஃபேஸ்புக் மூடிவிட்டது.

இதன் பொருள் என்ன என்று வேறு ஊர்க்காரர்களுக்கு விளக்க மெனக்கெட வேண்டியிருக்கும். நமக்குத் தேவையில்லை. 1880இல் தங்கச் சுரங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாளிலிருந்து இங்கே எல்லாம் கம்பெனிதான். தொழிலாளர் குடியிருந்த லைன் வீடு கம்பெனி கட்டியது, தண்ணீர் கம்பெனி விட்டது, ஆஸ்பத்திரி கம்பெனி நடத்தியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. (அப்படிப்பட்ட ஊர், இன்றைக்குப் பெங்களூரில் கட்டுகிற பக்கம் திறக்கட்டும் என்று வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.) வசதிகள் பொய்யில்லை. ஆனால் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபோது வேலையோடு சேர்ந்து கேள்விக்குள்ளானது நாம் இருந்த வீடும்தான். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டுக்கு நம் பெயரில் காகிதம் இல்லை. ஏ.எம்.பி. பக்கம் அந்த லைன் வீட்டைப் போன்றது. கட்டியவன் இருக்கிறவரை வெளிச்சம், தண்ணீர் எல்லாம் ஓடும். அவன் கணக்கு மாறினால் நீங்கள் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

சரி, பக்கத்தின் பாரத்துக்கு வருவோம். தமிழ்ப் பக்கம் இயல்பாகவே கனமானது, ஆங்கிலத்தைப் போல் மெலிய முடியாது என்று உங்களில் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. 'தங்கவயல்' என்ற ஆறெழுத்துச் சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து எட்டுக் குறிகள், ஆக 24 பைட். அதே ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் கே.ஜி.எஃப். என்று சுருக்கித் தட்டினால் மூன்றே பைட். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டாயிரம் சொல்லில் ஒரு தமிழ்க் கட்டுரை முழுதும் ஐம்பது கேபியை ஒட்டித்தான் வரும், சர்வர் அதைச் சுருக்கி அனுப்பினால் அதிலும் கால்வாசி. இந்த மடல் மொத்தமும் ஒரு சுமாரான போட்டோவைவிட இலேசு. எச்.டி.டி.பி. ஆர்க்கைவ் என்கிற அமைப்பு உலகத்துத் தளங்களை எடை போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 2024இல் போனுக்கான முகப்புப் பக்கம் ஒன்றின் நடுத்தர எடை ஏறத்தாழ 2.3 எம்பி. பன்னிரண்டு கேபி எழுத்துக்கு மேல் மிச்சமெல்லாம் என்ன என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். வேவு பார்க்கிற ஸ்கிரிப்ட், விளம்பர ஏலம் விடுகிற ஸ்கிரிப்ட், மூன்று கனத்தில் எழுத்துரு, தானே ஓடுகிற வீடியோ. தமிழின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

இலேசான பக்கத்தில் தமிழைக் காட்ட நம்மவர்கள் பட்ட பாடு தனிக் கதை. போன் இணையத்தின் ஆரம்ப வடிவமான வாப் காலத்தில், பல போன்களில் தமிழுக்கு இடமே கிடையாது. பிறகு ஓபேரா மினி வந்தது. பக்கத்தை அவர்கள் சர்வரே எடுத்து, நசுக்கிச் சுருக்கிப் போனுக்கு அனுப்பும். தமிழ் எழுத்துரு இல்லாத மலிவான போனில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கும் ஒரு வழி இருந்தது. முகவரிப் பெட்டியில் அமைப்புப் பக்கத்தின் பெயரைத் தட்டி, வருகிற பட்டியலின் அடியில், சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் பயன்படுத்தவா என்ற கேள்விக்கு 'யெஸ்' கொடுத்துவிட்டால், சர்வர் தமிழ் வரிகளைப் படமாக்கி அனுப்பும். தமிழ் வலைப்பதிவர்கள் இந்தச் சூட்சுமத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பரப்பினார்கள். படிக்க முடிந்தது, அதுவே பெரிது. ஆனால் படமாகிவிட்ட எழுத்தைத் தேட முடியாது, ஒரு வரியை எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப முடியாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே இடத்துக்கு நாம் திரும்பி வந்துவிட்டோம். இன்றைக்கு நம் ஊரில் உண்மையாகவே புழங்குகிற 'இலேசான வடிவம்' எது என்று கேட்டால், நான் ஏ.எம்.பி.யைச் சொல்ல மாட்டேன், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைச் சொல்வேன். செய்தித்தளத்தின் லிங்க்கை அனுப்பினால் யாரும் தொடுவதில்லை. தொட்டால் திறப்பதில்லை, திறந்தால் மேலே ஒரு விளம்பரம் கீழே ஒரு விளம்பரம், மூடுகிற குறியைத் தேடவே கண்ணாடி வேண்டும். அதனால் யாரோ ஒரு புண்ணியவான் தலைப்பையும் முதல் பத்தியையும் படம் பிடித்துப் போடுகிறார், ஊரே அதைப் படிக்கிறது. தளம் கட்டியவர்கள் செய்யத் தவறிய வேலையை வாசகரே செய்துகொண்டார்.

அந்தப் படத்தில் விட்டுப்போவது தேதி.

நம் ஊரில் தேதி எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கம் திறக்கப் போகிறது என்ற செய்தி இருபது வருஷத்துக்கும் மேலாக வந்துகொண்டே இருக்கிறது. 2006இல் மத்திய அமைச்சரவை உலகளாவிய டெண்டர் விட முடிவு செய்தது என்று வந்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த டெண்டருக்கு வழிவிட்டது என்று வந்தது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதம் தெரிவித்தது என்று வந்தது. மூன்றுமே உண்மை, மூன்றும் வேறு வேறு. கடைசியாகச் சொன்னது பூமிக்கு அடியில் இறங்குகிற வேலையே இல்லை. ஆயிரம் ஏக்கர் அளவில் சுரங்கக் கழிவாகக் குவிந்து கிடக்கும் 13 சைனைடு மேடுகளின் மண்ணிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரிப்பது பற்றியது. ஸ்கிரீன்ஷாட்டில் இந்த வித்தியாசம் நிற்குமா? 'கே.ஜி.எஃப். சுரங்கம் மீண்டும் திறப்பு' என்ற தலைப்பு மட்டும் நிற்கிறது. வீட்டு உரிமை பற்றிய அறிவிப்பு, பழைய தொழிலாளருக்கு வரவேண்டிய பணம் பற்றிய அறிவிப்பு, எல்லாம் இப்படித்தான் வருஷக்கணக்கில் சுற்றுகின்றன. எப்போதோ முடிந்துபோன கடைசி நாளை நம்பி ஒரு பெரியவர் ஜெராக்ஸ் கட்டோடு அலுவலகத்துக்கு அலைந்தால், அந்த அலைச்சலில் கனமான பக்கம் கட்டியவருக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் போட்டி வேறொரு செய்தித்தளத்தோடு இல்லை, ஸ்கிரீன்ஷாட்டோடு. அதைவிடச் சீக்கிரம் திறக்க வேண்டும், அதைவிடக் குறைவாக டேட்டா தின்ன வேண்டும், அதில் இல்லாத தேதியும் திருத்தமும் இருக்க வேண்டும்.

5ஜி வந்துவிட்டதே அண்ணா, இன்னும் கேபி கணக்குப் பார்ப்பதா என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுகிறேன். 2024 ஜூலைக் கட்டண உயர்வில் ஜியோவின் 155 ரூபாய் பேக் 189 ரூபாய் ஆனது. அப்போது 28 நாளுக்கு மொத்தமே 2 ஜிபி. நாளொன்றுக்குப் பிரித்தால் 73 எம்பி. பேரப்பிள்ளையின் வீடியோ ஒன்று வந்தாலே பாதி போய்விடும். ஒன்றும் வராவிட்டாலும், மேலே சொன்ன நடுத்தரப் பக்கங்கள் முப்பதைத் திறந்தால் தீர்ந்தது. பென்ஷனை எண்ணிச் செலவு பண்ணுகிறவர் போடுகிற பேக் இந்த மாதிரிதான். டேட்டா தாராளமாக இருக்கிறவருக்கும் போனின் பிராசஸர் ஒன்று இருக்கிறது. ஒரு எம்பி ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேருவது ஒரு வேலை, மலிவான போன் அதைப் பிரித்துப் படித்து ஓட்டி முடிப்பது அதைவிடப் பெரிய வேலை. அலுவலகத்து மேக்புக்கில் வைத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ரயிலில் தெரியும். பங்காருப்பேட்டை தாண்டி, டேக்கல், மாலூர் என்று கோபுரம் மாறி மாறிப் பிடிக்கும்போது உங்கள் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

தவிர, வேகம் எப்போதும் நம் கையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட 4ஜி 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. இடையில் பல மாதம் 2ஜியிலேயே ஒரு ஜனமே காலம் தள்ளியது. அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்துக் கோபுரங்கள் சாய்ந்தபோது, புளூ ரிட்ஜ் பப்ளிக் ரேடியோ என்கிற உள்ளூர் வானொலி தன் தளத்தை வெறும் எழுத்தாகவும் கொடுத்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு கோடு சிக்னலில் ஜனங்கள் படித்தார்கள். அதற்கு எந்தக் கம்பெனியின் வடிவமும் தேவைப்படவில்லை.

நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் உலகெங்குமிருந்த தன்னார்வலர்களும் தட்டச்சு செய்து ஏற்றிய இலக்கியப் பக்கங்கள். எழுத்துருக் குறிமுறை காலத்துக்கு ஏற்ப மாறி யூனிகோடுக்கு வந்தது. பக்கம் என்னவோ அன்றும் இன்றும் வெறும் எச்.டி.எம்.எல். எந்தப் போனில் வேண்டுமானாலும் திறக்கிறது. அழகில்லை என்பார்கள். அதன்பின் வந்த எத்தனையோ அழகான தமிழ்த் தளங்களைத் தேடினால் இன்று முகவரியே இல்லை.

இனி உங்கள் வேலை. செய்திப் பக்கம் ஒன்று, படத்தோடு சேர்த்து, 150 கேபியைத் தாண்டக் கூடாது என்று முதல் நாளே எழுதி ஒட்டிவையுங்கள். தாண்டினால் வெளியிட முடியாதபடி உங்கள் நிரலிலேயே தடை வையுங்கள். எழுத்துக்குப் போனில் இருக்கிற தமிழ் எழுத்துருவே போதும். தலைப்பு மட்டும் அழகாக வேண்டுமென்றால் ஒரே ஒரு எழுத்துரு, அதுவும் வந்து சேரும்வரை வாசகரைக் காக்க வைக்காமல். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட ஓடாவிட்டாலும் செய்தி முழுதும் தெரிய வேண்டும். படத்துக்கு நீள அகலம் சொல்வது ஏ.எம்.பி. கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். எழுதிய தேதியும் திருத்திய தேதியும் தலைப்புக்கு ஒட்டியே, எழுத்தாக, பெரிதாக. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் தேதி தப்பாமல் கூடவே போக வேண்டும்; இதை நான் வடிவமைப்பு விஷயமாகச் சொல்லவில்லை, செய்தி தர்மமாகச் சொல்கிறேன்.

விளம்பரம் இல்லாமல் தளம் ஓடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்த் தளத்துக்கு எங்கோ ஏலத்தில் வருகிற விளம்பரம் கொட்டிக்கொடுக்கப் போவதில்லை, பக்கத்தைக் கனமாக்குவதுதான் மிச்சம். எம்.ஜி. மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவரிடம் நேரே போய்ப் பேசுங்கள். முப்பது கேபியில் ஒரு படம், ஒரு போன் நம்பர், மாதத்துக்கு இவ்வளவு. அவருக்கும் புரியும், உங்களுக்கும் கணக்கு நேராக இருக்கும்.

இவ்வளவும் செய்தால் கூகுளும் குறை சொல்லாது. இப்போது அவர்கள் பார்ப்பது எந்த வடிவம் என்பதை அல்ல, நிஜ வாசகரின் குரோமில் பக்கம் எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான். முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும், பத்தி ஓடக் கூடாது; நூற்றில் எழுபத்தைந்து வருகையிலாவது இப்படி இருக்க வேண்டும். 150 கேபி பக்கத்துக்கு இது பெரிய பரீட்சை இல்லை.

கடைசியாக, உங்களில் இரண்டு பேர் அலுவலகத்தில் பராமரிக்கிற பழைய தளங்களில் ஏ.எம்.பி. இன்னும் ஓடுகிறது என்றீர்கள். எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆனால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். முதலில் மூலப் பக்கத்தை மெலிய வையுங்கள். அது கனமாக இருக்கும்போதே ஏ.எம்.பி.யை எடுத்தால் நஷ்டம் வாசகருக்குத்தான். பிறகு மூலப் பக்கத்திலிருந்து ஏ.எம்.பி.யைக் காட்டுகிற லிங்க்கை நீக்குங்கள். பழைய ஏ.எம்.பி. முகவரிகளை அழிக்காமல், ஒவ்வொன்றையும் அதனதன் மூலப் பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுங்கள், 301 போட்டு. முகப்புப் பக்கத்துக்கு மொத்தமாகத் திருப்புகிற சோம்பேறித்தனம் வேண்டாம். அந்த முகவரிகள் எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களில் கிடக்கின்றன, யாராவது என்றைக்காவது தொடுவார்கள். திருப்பிவிடுகிற அந்தப் பட்டியலைத் தனிக் கோப்பாக, சர்வர் மாறினாலும் கூடவே எடுத்துப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கம் தயாரானதும் லிங்க் அனுப்புங்கள். என் போன் பழசு, நன்றாகச் சோதிக்கலாம்.

அன்புடன்,
ஆண்டர்சன்பேட்டையிலிருந்து உங்கள் அண்ணன்